மடக்கு மேசை வைத்த வண்டி

வண்டி கிளம்பிவிட்டதா இல்லையா என்றே பாராதேனேவுக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன் அவன். சாவியைத் திருகினால் இருக்கை நடுங்க வேண்டும், தெருக்கோடி நாய் எழுந்து குரைக்க வேண்டும். அப்போதுதான் வண்டிக்கு உயிர் இருப்பதாக அவனுக்கு நம்பிக்கை வரும். இந்த ஜப்பான் வண்டியில் பொத்தானை அழுத்தினால் நாலு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினான். விளக்கு அணைந்தது. மூன்றாம் முறை அழுத்தியபோது எங்கிருந்தோ ஒரு பெண்குரல், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் அத்தனை மெதுவாக, ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.

"யாருடா இவ?"

"வணக்கம் சொல்றா மச்சான். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு, கிளம்பு," என்றான் பின்னால் படுத்துத் தரையை ஆராய்ந்துகொண்டிருந்த கேப்பா.

கேப்பா பாராதேனேவின் மனைவி ராஹெராவுக்குத் தம்பி. ஒப்போதிகி ஊரில் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கிற கடை வைத்திருக்கிறான். ஜப்பானில் பத்து வருடம் ஓடிய ஹைபிரிட் வண்டியை, அதுவும் கப்பலிலிருந்து இறங்கி வந்ததை, நம்பி வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் தவுரங்கா துறைமுகம் வரை மச்சானோடு வந்திருந்தான். தன்னுடைய சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"பேட்டரி நல்லா இருக்கு. என்னைவிட நல்லா இருக்கு. எடுத்துக்கோ."

ஏழு பேர் உட்காரும் வண்டி. வெள்ளையும் இல்லாமல் வெள்ளியும் இல்லாமல் ஒரு நிறம். கடைசி இருக்கைக்கு அடியில் யாரோ ஒரு ஜப்பான் குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடந்தது. முன்னாலிருந்த வரைபடத் திரை, அவர்கள் ஏதோ ஒரு ஜப்பான் துறைமுகத்தின் நடுத்தண்ணீரில் நிற்பதாக உறுதியாகச் சொன்னது. ரேடியோவில் ஒரே ஒரு நிலையம் எடுத்தது. அதில் குதிரைப் பந்தயம். ஒப்போதிகி வரும்வரை இரண்டு மணி நேரம் குதிரைகள் ஓடிக்கொண்டே வந்தன. நடுவில் பெட்ரோல் போட நிறுத்தி மறுபடி கிளப்பியபோது அந்தப் பெண் திரும்பவும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

"இப்ப என்ன சொல்றா?"

"டயர்ல காத்து பாருங்கறா," என்றான் கேப்பா, கண்ணிமைக்காமல். அவனுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவன் குடும்பத்திலேயே கிடையாது.

வீடு வந்தபோது ராஹெரா இல்லை. எப்போதும்போல மராயில் இருந்தாள். ஊர் கூடி அழுவதும், கூடிப் பேசுவதும், கூடிச் சாப்பிடுவதும் அந்த இடத்தில்தான். சாப்பிடுவது என்று வந்துவிட்டால் ராஹெராதான். இருபத்தெட்டு வருடமாக அங்கே சமையற்கட்டு அவள் கையில். சாவுக்கு வந்தவர், கல்யாணம் செய்துகொண்டவர், நிலத்தைப் பற்றிச் சண்டை போட வந்தவர், எல்லாரும் அவள் கையால் தின்றுவிட்டுத்தான் போவார்கள். ஆள் என்னவோ நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். குரல் மட்டும் எட்டடி.

வெங்காய வாசத்தோடு வந்து இறங்கியவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்னய்யா இது? பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்தப் போறியா?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"ரெண்டு பேருக்கு ஏழு சீட்டா? மிச்சத்துல என் குடும்பத்த ஏத்தலாம்னு பாக்கறியா? பத்தாதே."

"சீட்டெல்லாம் கழட்டிட்டு உள்ள படுக்கை போடப் போறேன். தென் தீவு முழுக்கச் சுத்தறோம். கப்பலுக்குப் பதிவு பண்ணியாச்சு. மார்ச் பன்னெண்டு. பதினொண்ணாம் தேதி காலைல இங்கேருந்து கிளம்பணும். பதினாறு நாளு."

அவள் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவே?"

"வேலை முடியட்டும்னு சொல்லுவேன்."

"அதான் கேக்கல."

இது பாராதேனேவின் வாழ்க்கையிலேயே மிகத் தைரியமான பதில். சொல்லிவிட்டு அவனே ஓர் அடி பின்வாங்கினான். லாரியிலிருந்து அவன் ஓய்வு பெற்றுப் பதினாலு மாதம் ஆகிறது. ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ஊர் பார்க்கப் போவது என்று ஒப்பந்தம். அவன் நாடு முழுக்க லாரியில் பார்த்துவிட்டான், ஆனால் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அவளோ கடலைத் தாண்டி அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. ஒவ்வொரு மாதமும் அவன் கேட்பான், வேலை முடியட்டும் என்பாள். மராயில் வேலை முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இந்தத் தடவையும் அவள் வரவில்லை என்றால் இனி எந்தத் தடவையும் வரமாட்டாள் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் வண்டியே வாங்கினான்.

ராஹெரா உள்ளே போய் ஒரு பாட்டிலில் தண்ணீரோடு வந்தாள். "யார் வெச்சிருந்த வண்டியோ, உள்ள யார் செத்தாங்களோ," என்று முணுமுணுத்துக்கொண்டே நாலு கதவிலும் தண்ணீர் தெளித்து, கண்ணை மூடி நீளமாக ஒரு ஜெபம் சொன்னாள். ஆண்கள் இருவரும் தலையைக் குனிந்து நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் கேப்பா வண்டியை நகர்த்திவைக்கப் பொத்தானை அழுத்தினான். பெண் பேசினாள்.

"ஆமென் சொல்றா அக்கா," என்றான்.

ராஹெராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"வேலைய முடி. பாக்கறேன். ஒழுங்கா இருந்தா வர்றேன். இல்லைன்னா நீயும் கேப்பாவும் போங்க."

அவ்வளவு போதும் அவனுக்கு. மறுநாளே நடு இருக்கைகளைக் கழற்றிக் கேப்பாவின் கடையில் போட்டான். இன்றைக்கும் அங்கே வருகிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டுதான் அரட்டை அடிக்கிறார்கள். கடைசி வரிசை தானாகவே தரைக்குள் மடங்கிப் போனது. அந்த ஜப்பான்காரன் மூளையை இவன் ஒரு நாள் முழுக்க வியந்துகொண்டிருந்தான்.

சிக்கல் அளவில் வந்தது. பாராதேனே ஆறடி இரண்டங்குலம். முன்னிருக்கைகளை முட்டத் தள்ளினாலும் ஆறடிதான் தேறியது. தரை முழுக்கப் படுக்கை போட்டுவிட்டால் மழை பெய்தால் உட்கார இடமில்லை. உட்கார இடம் விட்டால் படுக்க இடமில்லை. செல்போனில் தேடியபோது ஒரு வெளிநாட்டு ஜோடி கிடைத்தது. தாடி வைத்த பையன், எந்நேரமும் சிரிக்கிற பெண். அவர்கள் வண்டியில் ஒரு மேசை இருந்தது. பகலில் அதில் சாப்பிட்டார்கள். இருட்டியதும் கம்பியில் கீழே இறக்கி, மேலே மெத்தையைப் போட்டார்கள், படுக்கை. பாராதேனே அதைப் பதினோரு தடவை பார்த்தான். ஒரே பலகை, இரண்டு வேலை! இதைக் கண்டுபிடித்தவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல் இருந்தது.

ஐந்து வாரம் பிடித்தது. மேசைப் பலகையை இழைத்து, ஓரத்தை உருட்டி, மூன்று முறை வார்னிஷ் பூசினான். கேப்பா மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டான். வண்டியின் பக்கவாட்டிலேயே ஒரு பிளக் இருந்தது. அதுதான் ஹைபிரிட்டின் பெருமை. ஆனால் அது ஜப்பான் மின்சாரம், அழுத்தம் பாதிதான், இந்த ஊர்க் கெட்டிலுக்குப் போதவில்லை. இருபது நிமிடம் ஆகியும் தண்ணீர் முனகிக்கொண்டே இருந்தது. கேப்பா மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கிற ஒரு கனத்த பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். ரேடியோவில் ஏதோ செய்து குதிரைகளை ஒழித்தான். பிறகு பாராதேனே மெத்தை வைத்திருந்த இடத்தைப் பார்த்து அலறினான்.

"யோவ் மச்சான், அந்த ஓட்டைய மூடாதே!"

"எந்த ஓட்டை?"

"முன் சீட்டுக்கு அடியில சல்லடை மாதிரி இருக்கு பாரு. பேட்டரி அது வழியாத்தான் மூச்சு விடுது. மெத்தையப் போட்டு அமுக்கினே, போயிடும். உன் மூக்குல தலையணைய வெச்சு அமுக்கினா நீ என்னாவே?"

"உங்க அக்கா அதத்தான் பண்ணப் போறா, இது சரியா அமையலைன்னா."

"பண்ணுவா," என்று கேப்பா ஒப்புக்கொண்டான். அக்காவைப் பற்றி அவனுக்கு எந்த மயக்கமும் இல்லை.

சமையலுக்கான பகுதியைப் பாராதேனே பார்த்துப் பார்த்துச் செய்தான். இரண்டு அடுப்பு. கரண்டிக்குத் தனி இழுப்பறை, கத்திக்குத் தனி. வெங்காயத்துக்கு ஒரு கூடை. பன்றி எலும்பும் கீரையும் வேகவைக்க அவளுக்குப் பிடித்த அளவில் ஒரு பெரிய பானை. அது உருளாமலிருக்க ஒரு வளையம். ஒரு தொட்டி, அதற்குக் காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய். எல்லாமே அவளுடைய குட்டைக் கைக்கு எட்டும்படி. அவளை நினைத்து நினைத்துச் செய்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம். அங்கேதான் கோட்டை விட்டான் என்பதும் அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த ராஹெராவை வண்டிக்குள் ஏற்றி உட்கார வைத்தான். கேப்பா வாசல் கதவில் சாய்ந்து நின்றான். மேசைமேல் மூன்று கோப்பை தேநீர், ஒரு தட்டில் பொரித்த ரொட்டி, வெண்ணெய், சர்க்கரைப்பாகு. ராஹெரா மேசையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்யா பண்ணியிருக்கே."

அவன் காது வரை சிரித்தான். "இரு, இன்னும் இருக்கு. கண்ணு மூடாம பாரு."

தட்டையும் கோப்பைகளையும் எடுத்து அப்பால் வைத்தான். இரண்டு கொக்கியை விடுவித்தான். மேசை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. மெத்தைத் துண்டை இழுத்துப் பரப்பினான். பிறகு, வேலை முடித்த மனிதனின் முழுப் பெருமையோடு, ஆறடி இரண்டங்குலத்தையும் மூலைக்கு மூலை நீட்டி மல்லாந்து படுத்துக் காட்டினான். ரொட்டித் தட்டு எங்கே இருந்ததோ, சரியாக அங்கே அவனுடைய பின்புறம் இருந்தது.

கேப்பாவின் வாயில் இருந்த ரொட்டி பாதியில் நின்றது.

"எந்திரி," என்றாள் ராஹெரா.

"இன்னும் போர்வைய விரிச்சுக் காட்டல..."

"பாராதேனே. எந்திரி."

எழுந்தான். தலை கூரையில் இடித்தது.

"இப்ப எதுமேல படுத்திருந்தே?"

"படுக்கைமேல."

"அதுமேல ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

அவன் பலகையைப் பார்த்தான். ஓரத்தில் ஒரு சொட்டு சர்க்கரைப்பாகு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அறுபத்து நாலு வருட வளர்ப்பு மொத்தமும் அந்த ஒரு சொட்டில் திரும்பி வந்து அவன் முகத்தில் அடித்தது. உணவு வைக்கும் இடத்தில் உடம்பு படக் கூடாது. அவர்கள் வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு சீப்பை, ஒரு தொப்பியை வைக்கமாட்டார்கள். மேசையில் ஏறி உட்கார்ந்த பேரப்பிள்ளைகளை இவனே எத்தனை தடவை அதட்டி இறக்கியிருக்கிறான்! ஐந்து வாரம் அங்குலம் அங்குலமாக அளந்தவனுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. பதினோரு தடவை பார்த்த அந்தத் தாடிக்காரன்மேல் அவனுக்குக் கொலைவெறி வந்தது.

"கீழ எறக்கிட்டா அது மேசை இல்லையே," என்று ஈனமாகச் சொன்னான். "படுக்கைதானே?"

"அப்ப காலைல மேல ஏத்தினா? உன் முதுகு பட்ட எடத்துல நான் ரொட்டி வெச்சுத் தின்னணுமா?"

"நல்லா தொடச்சுட்டா..." என்று ஆரம்பித்தான் கேப்பா.

"நீ வாய மூடு. நீயும் எங்கம்மாவுக்குத்தானே பொறந்தே? பாத்துட்டு சும்மாதானே இருந்தே?" அவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். "இதுல என்ன கழுவுவே?"

"கோப்பை, தட்டு..."

"மூஞ்சி எங்க கழுவுவே?"

பாராதேனே தொட்டியைப் பார்த்தான். இருந்தது ஒரே தொட்டி.

"கால்?"

கேப்பாவுக்குத் திடீரென்று கடையில் அவசர வேலை ஞாபகம் வந்து, ரொட்டியோடு கிளம்பிப் போனான்.

இதுவரை எல்லாம் கத்தல்தான். ராஹெரா கத்தினால் பாராதேனேவுக்குப் பயம் கிடையாது. மேசையை எடுத்துவிடலாம், இன்னொரு தொட்டி வாங்கிவிடலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றான். அவள் இழுப்பறையை இழுத்தாள். வரிசையாகக் கரண்டிகள். அடுத்ததை இழுத்தாள். கத்திகள். வெங்காயக் கூடையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அது நிற்கிற வளையத்தைத் தொட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"இதெல்லாம் யாருக்கு?"

"உனக்குத்தான். மூணு அடுப்பு வெக்கப் பாத்தேன், எடம் பத்தல. பானை நீ கேக்கற அளவுதான், பாரு..."

"இருபத்தெட்டு வருஷமா ஒரு சமையக்கட்டுல நிக்கறேன்," என்றாள் ராஹெரா. "நீ எனக்கு இன்னொண்ணு கட்டி, அதுக்குச் சக்கரம் வெச்சிருக்கே."

இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கேப்பாவக் கூட்டிட்டுப் போ. அவன் நல்லா சாப்பிடுவான்."

மூன்று நாள் பாராதேனேவுக்குக் கோபம்தான் இருந்தது. ஒரு மனுஷன் ஐந்து வாரம் முதுகு ஒடிய வேலை செய்தால் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லக் கூடாதா? சமையல் பிடிக்காதவளுக்கா அவன் அடுப்பு வைத்தான்? சமையல் என்றால் உயிரை விடுகிறவள் ஆயிற்றே! ஊரே சொல்கிறதே! நாலாம் நாள் கோபம் வடிந்து, கெஞ்சிப் பார்ப்போம் என்று மராய்க்குப் போனான். கிளம்ப இன்னும் எட்டு நாள் இருந்தது.

அன்றைக்கு நிலக் கூட்டம். நூற்றுப் பத்து பேருக்குச் சாப்பாடு. சமையற்கட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனை ராஹெரா மேலும் கீழும் பார்த்தாள்.

"பேசணும்," என்றான்.

"பேசலாம். உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே பேசு." ஒரு மூட்டையைக் காட்டினாள்.

உரிக்க உட்கார்ந்தான். பேச ஆள் கிடைக்கவில்லை. அவள் ஒரு இடத்தில் நின்றால்தானே? சிப்பி வேகிற அண்டாவுக்கும், அடுப்புக்கும், ரொட்டிமாவு பிசைகிற பெண்களுக்கும், பரிமாறுகிற கதவுக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்தில் பாராதேனேவின் கட்டைவிரல் மரத்துப்போனது. இரண்டு மணி நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டான். லாரியில் பதினாலு மணி நேரம் ஓட்டியிருக்கிறான். அது உட்கார்ந்து செய்கிற வேலை, ஜன்னலுக்கு வெளியே மலையாவது போகும். இங்கே எதிரே சுவர், சுவரில் தீயணைப்புக் குறிப்பு.

கூட்டம் சாப்பிட்டு, பாட்டுப் பாடிச் சமையற்காரர்களுக்கு நன்றி சொல்லி, கலைந்து போனது. கடைசித் தட்டு கழுவியானதும் ராஹெரா ஒரு பானை மூடியைத் திருப்பிப் பிடித்து, அதில் இரண்டு ஆறிப்போன உருளைக்கிழங்கையும் கொஞ்சம் இறைச்சியையும் போட்டு, அடுப்பில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டாள்.

"உக்காந்து சாப்பிடேன்," என்றான்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது."

அதைப் புகாராகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். பாராதேனே வாழ்க்கையில் அந்த மராயில் ஆயிரம் தடவை சாப்பிட்டிருப்பான். எப்போதும் கதவுக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்து. பரிமாறுகிற கதவு வழியாக அவள் கை தெரியும், குரல் கேட்கும், தட்டு வரும். அந்தக் கைக்காரி எப்போது சாப்பிட்டாள், எப்படிச் சாப்பிட்டாள் என்று அவன் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. வெட்கத்தில் அவனுக்கு முகம் சுட்டது. பேச வந்ததைப் பேசாமலே வீட்டுக்குப் போனான்.

போனவன் அன்றைக்கே மேசையைப் பிடுங்கிக் கேப்பாவின் கடைக்குக் கொடுத்துவிட்டான். தரை முழுக்க நிலையான படுக்கை போட்டான். தலையை முன்னிருக்கைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டால் அவனுக்குக் கால் நீட்ட முடிந்தது. பேட்டரியின் மூக்குக்கு வழி விட்டான். முகம் கழுவ நீலத் தொட்டி, அது படுக்கைக்கு அடியில். பாத்திரம் கழுவ வெள்ளைத் தொட்டி, அது வண்டியின் பின்கோடியில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. அடுப்பையும் இழுப்பறைகளையும் கழற்றி, பின்கதவைத் தூக்கினால் வெளியே இழுத்துக்கொள்ளும்படி ஒரு பலகையில் பொருத்தினான். தூக்கிய கதவுதான் கூரை. சமைக்கிறவர் வெளியே காற்றில் நிற்க வேண்டியதுதான். பெரிய பானையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டான். மீதி நேரமெல்லாம் கேப்பாவின் கடையில் முட்டை பொரிக்கப் பழகினான்.

"இது எப்படி?"

கேப்பா மென்று பார்த்தான். "நேத்தைக்கு இது தேவல மச்சான். நேத்து ஓடு இருந்துச்சு, இன்னைக்கு வெறும் கரிதான்."

"உங்க அக்கா கிட்ட மூச்சு விடாதே."

"இத நான் வெளிய சொல்லுவேனா? தின்னேன்னு தெரிஞ்சா எனக்கில்ல அவமானம்?"

ராஹெரா ஒன்றும் கேட்கவில்லை. வண்டிப் பக்கமே வரவில்லை. காலையில் மராய்க்குப் போனாள், மாலையில் வந்தாள். பத்தாம் தேதி சாயங்காலம் வரை பெட்டி கட்டவில்லை. பாராதேனே தன்னுடைய இரண்டு சட்டைகளைக் கட்டிவைத்துவிட்டு, வருவாயா என்று கேட்க மூன்று தடவை வாயைத் திறந்து மூன்று தடவையும் மூடினான்.

பதினொன்றாம் தேதி காலை அவள் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக வெளியே வந்தாள். கையில் சமையற்கட்டுச் சாவிக்கொத்து. கேப்பா வழியனுப்ப வந்து வேலியில் சாய்ந்து நின்றிருந்தான்.

"பள்ளிக்கூடத்துலேருந்து நாப்பது பிள்ளைங்க வருதுங்க மத்தியானம்," என்றாள். "போயிட்டு வா. பாத்து ஓட்டு."

பாராதேனே வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான். "ஒரு தடவ பாத்துட்டுப் போ. பாத்துட்டாவது போ."

அவள் பெருமூச்சு விட்டு வந்தாள். உள்ளே தலையை நீட்டினாள். மேசையைத் தேடினாள், இல்லை. படுக்கையை அமுக்கினாள். நீலத் தொட்டியைக் கண்டுபிடித்தாள். சுற்றி வந்து பின்கதவைத் தூக்கி வெள்ளைத் தொட்டியைக் கண்டுபிடித்தாள். "ம்," என்றாள். பிறகு பலகையின் பிடியைப் பிடித்து இழுத்தாள். அடுப்போடு வழுக்கிக்கொண்டு வந்த பலகை அவள் மார்பில் வந்து முட்டியது.

"என்னய்யா அளவு இது? இவ்ளோ உயரத்துல வெச்சா யாருக்கு எட்டும்?"

"எனக்கு."

"நான் இதுல எப்படி வெங்காயம் நறுக்கறது? முக்காலி போட்டு ஏறியா?"

"நீ எதுக்கு நறுக்கணும்?"

அவள் பலகையைப் பார்த்தாள். நிமிர்ந்து அவன் இடுப்பைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன சமைக்கத் தெரியும்?"

"முட்டை."

"அப்புறம்?"

"டின் கறியும் உருளைக்கிழங்கும். உருளைக்கிழங்கு நல்லா உரிப்பேன். நீயே பாத்தியே."

"பதினாறு நாளைக்கு?"

"ஒரு நாள் அது, ஒரு நாள் இது."

ராஹெரா திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. முன்னால் போய்ப் பார்க்கத் துணிச்சலும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏப்ரனால் முகத்தைத் துடைத்து, அதைக் கழற்றிச் சுருட்டினாள்.

"டேய், இங்க வா," என்றாள் தம்பியிடம். ஏப்ரனையும் சாவிக்கொத்தையும் அவன் கையில் திணித்தாள். "நாப்பது பிள்ளைங்க. பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு."

"அக்கா! எனக்கு டீயே போடத் தெரியாது!"

"அங்க ஆறு பொம்பளைங்க இருக்காங்க. அவங்க சொல்றதச் செய். உருளைக்கிழங்கு உரிக்கணும்னா உங்க மச்சானக் கேட்டுக்கோ, இப்பவே, அவர் கிளம்பறதுக்குள்ள."

வீட்டுக்குள் போனாள். நாலே நிமிடத்தில் வெளியே வந்தாள், பூட்ஸுக்குப் பதில் செருப்போடு, நன்றாக அடுக்கி ஜிப் போட்ட ஒரு பெரிய பையோடு. நாலு நிமிடத்தில் யாராலும் அப்படிப் பை கட்ட முடியாது என்று பாராதேனேவுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் வாங்கி உள்ளே வைத்தான்.

மத்தியானம் தவுப்போ ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். மடக்கு நாற்காலியை விரித்துத் தண்ணீரைப் பார்க்கப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். பின்கதவைத் தூக்கி அடுப்பைப் பற்ற வைத்தான். முதல் முட்டை காற்றில் பாதி, சட்டியில் பாதி விழுந்தது. அவள் எழுந்தாள்.

"உக்காரு," என்றான்.

எண்ணெய் புகைந்தது. அவள் மறுபடி எழுந்தாள். "தீயக் கொஞ்சம்..."

"உக்காரு ராஹெரா."

உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. மடியில் வைத்தாள், எடுத்தாள், நாற்காலிப் பிடியில் வைத்தாள், கடைசியில் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அவன் ஒரு தட்டில் இரண்டு முட்டையும், ஒரு பக்கம் கருகிய ரொட்டியும் கொண்டுவந்து, குனிந்து, அவள் மடியில் வைத்தான். அவள் ஒரு வாய் மென்றாள்.

"உப்பு இல்ல."

அவன் உப்பு எடுக்க ஓடினான். திரும்பி வந்தபோது தட்டில் ஒன்றும் இல்லை. இன்னும் உட்கார்ந்தேதான் இருந்தாள்.

"இன்னொண்ணு போடு," என்று தட்டை நீட்டினாள்.